லாங் ஐலண்டில் கண்ட பழைய நோட்டு

அந்தமானின் நடுப்பகுதியில், ரங்கத்தை அடுத்து, லாங் ஐலண்ட் என்றொரு தீவு இருக்கிறது. எரட்டா துறையில் படகேறி, உப்பங்கழிக் காடுகளின் ஓரமாகச் சென்று அதனை அடையலாம். மரவெட்டுத் தொழிலை நம்பி எழுந்த குடியிருப்பு அது. ஒட்டுப்பலகை ஆலை ஒன்றும் ஒரு காலத்தில் அங்கே இயங்கியது. வங்காளியரும் தெலுங்கரும் சோட்டா நாகபுரியிலிருந்து வந்த மக்களும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர்; இந்தி எல்லோருக்கும் பொதுவான தெருமொழி. லாலாஜி விரிகுடாவின் வெண்மணலைப் பார்க்க வருவோர் அக்குடியிருப்பைக் கடந்தே போகின்றனர். நின்று பேசுவோர் சிலரே.

அலுவல் நிமித்தம் இரண்டு முறை அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதல் முறை சென்றபோது ஒரு தமிழ் முதியவர் தம் வீட்டுக்கு அழைத்து, தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். அப்பெட்டியில் இருந்த ஒரு நோட்டின் கதையையே இங்கு சொல்லப் புகுந்தோம். அது நாம் இழைத்த ஒரு பிழையின் கதையும் ஆகும்.

முதியவர் பர்மாவில் பிறந்தவர். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர் பல்லாயிரவருள் ஒருவராகச் சென்னையில் கரை இறங்கி, பின்பு அந்தமானுக்கு வந்தவர். நடு அந்தமானில் பேட்டாப்பூரில் பர்மாவிலிருந்து திரும்பியோர் குடியமர்த்தப்பட்டதை நேயர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். அங்கு உறவினருடன் சிலகாலம் இருந்துவிட்டு, மரவேலை தேடி லாங் ஐலண்டுக்கு வந்து சேர்ந்தவர் இவர்.

பெட்டியில் இருந்த தாள்கள் மூவகை. முதல் வகை, ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள். 1942 மார்ச்சில் இரங்கூனும் அதே மாதத்தில் போர்ட் பிளேரும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவுக்கென்று அவர்கள் அச்சிட்ட ரூபாய் நோட்டுகளில் ஜப்பானிய அரசு என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 'பி' என்னும் ஆங்கில எழுத்தும் தென்படும். அவ்வெழுத்து பர்மாவைக் குறிப்பது. ஆகவே அவற்றை அடையாளம் காண்பதில் யாதொரு தொல்லையும் இல்லை. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை வெறுந்தாளாயின.

இரண்டாம் வகை, ஜெனரல் ஆங் சானின் படம் தாங்கிய நூறு கியாட் நோட்டுகள். 1963இல் வங்கிகளையும், 1964 மார்ச்சில் கடைகளையும் நாட்டுடைமையாக்கிய பர்மிய இராணுவ அரசு, அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லா என அறிவித்தது. நாடு திரும்புவோர் நகையும் ரொக்கமும் எடுத்துச் செல்வதற்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஈட்டிய பொருளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, மாற்றுத் துணியோடு கப்பலேறியவர்களின் கதையை எத்தனையோ குடும்பங்களில் இன்றும் கேட்கலாம்.

மூன்றாவது, தனியொரு நோட்டு. அதனைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தார். பச்சை நிறம், வலப்புறம் ஒரு பெண்ணின் முகம், நூறு என்னும் எண். முதியவரின் தந்தைக்கு இரங்கூன் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் கொடுத்தது என்று குடும்பத்தில் சொல்லிவந்தனர். முதல் உலகப் போருக்கு முன்பே கொடுத்ததாம்.

“ஜப்பான்காரன் காசு செத்தது, பர்மாக்காரன் காசும் செத்தது, சார். வெள்ளைக்காரன் காசு சாகாது. இது எந்த நாட்டுக் காசு, என்ன பெறும் என்று படித்தவர்கள் நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றார் முதியவர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட ஒருவனிடம், அறியாத மொழியில் அச்சான தாளைக் கொடுத்து இப்படிக் கேட்டால், அவன் மறுப்பானா? நாமும் மறுக்கவில்லை.

சட்டத்தைப் பிரிக்க முதியவருக்கு மனமில்லை. பின்புறம் பலகை வைத்து ஆணியடித்திருந்தார். எனவே கண்ணாடிக்குப் பின்னே தெரிந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுத்து எழுத்தாகப் பெயர்த்து எழுதிக்கொண்டோம். ரோமன் எழுத்துகள்தாம், ஆனால் சொற்கள் ஆங்கிலத்தோடோ பிரெஞ்சோடோ ஒட்டவில்லை. 'ஓஸ்த்ராக்-மாட்யார்' என்று ஓரிடத்தில் இருந்தது. 'பேச்' என்று ஓர் ஊர்ப் பெயர். ஐரோப்பியப் படத்தில் எங்கு தேடினும் பேச் என்னும் ஊர் அகப்படவில்லை. நல்ல வேளையாக, 'புடாபெஸ்ட்' என்னும் சொல்லும் உடன் இருந்தது. அது ஹங்கேரியின் தலைநகர். 'ஸாஸ் கொரோனா' என்பது தொகை.

ஊருக்குத் திரும்பி அகராதிகளைப் புரட்டியபோது முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மாட்யார் என்பது ஹங்கேரியர் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர். ஸாஸ் என்றால் நூறு. கொரோனா என்றால் முடி, மகுடம். 2020க்குப் பின் உலகமெங்கும் அஞ்சிய அச்சொல்லும் இதுவும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவையே. கேட்டவுடன் ஏற்கெனவே வாந்தி எடுத்த பிள்ளைபோல முகம் சுளிக்க வேண்டாம், சொல்லின்மேல் குற்றமில்லை. பேச் என்பதோ, ஹங்கேரியர் வியன்னா நகரத்துக்கு இட்ட பெயர். திருச்சிராப்பள்ளியை வேற்றுநாட்டார் டிரிச்சினாப்பொலி என்றதுபோன்ற ஒலித்திரிபன்று இது, வேறொரு பெயரே. ஊரை அறிந்தவனும் பெயரைக் கொண்டு ஊரைக் காணமுடியாது.

இந்த மட்டில் நிறுத்தியிருந்தால் குற்றமில்லை. முதியவரின் இரண்டாம் கேள்வி, 'என்ன பெறும்?' என்பது. அதற்கும் விடை தேடினோம். 1892இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு பழைய குல்டன் நாணயத்தை விட்டுப் பொன்னை அடிப்படையாகக் கொண்ட புதிய மகுட நாணயத்தை ஏற்றது. ஒரு குல்டனுக்கு இரண்டு மகுடம். ஒரு கிலோ தூய தங்கம் 3,280 மகுடத்துக்குச் சமம் என்பது சட்டம். கணக்கிட்டுப் பார்த்தால் நூறு மகுடத்துக்கு ஏறத்தாழ முப்பதரைக் கிராம் தங்கம். நம் வழக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கணக்கில் பிழையில்லை. அதனை முதியவருக்குக் கடிதமாக எழுதினோம். 'நூறு கொரோனா என்பது ஏறத்தாழ நான்கு பவுன் தங்கத்துக்குச் சமம் ஆகும்' என்று எழுதினோம்.

'சமமாக இருந்தது' என்று எழுதியிருக்க வேண்டும். 'ஆகும்' என்னும் சொல்லுக்குக் காலம் இல்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் ஆகும் என்போம். அது நேற்றும் மெய், நாளையும் மெய். அரசாணைகளையும் அறிக்கைகளையும் பல ஆண்டுகளாகப் பெயர்த்துவந்த கை, அவ்வினைமுற்றைத் தன்னை அறியாமலே எழுதிவிட்டது.

இரண்டாம் முறை லாங் ஐலண்டுக்குப் போனபோது முதியவர் இல்லை. புதல்வர் இருவருள் இளையவர் துறைக்கே வந்து நம்மை அழைத்துப் போனார். அப்பாவின் உடைமைகளைப் பங்கிட்டபோது, இயந்திரப் படகும் வலைகளும் அண்ணனுக்கு என்றும், தகரப் பெட்டி தம்பிக்கு என்றும் முடிவாயிற்றாம். படகின் விலையும் நான்கு பவுனின் விலையும் ஏறக்குறையச் சமம் என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்கிட்டார்களாம். ஆதாரம், நமது கடிதம். அதனைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சட்டத்தின் பின்னே செருகி வைத்திருந்தார். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க வேண்டும். நோட்டை விற்கலாம் என்று நகைக்கடை ஒன்றில் காட்டினாராம். கடைக்காரர் சிரித்தாராம்.

“அவருக்குத் தெரியாது, எழுதினவர் வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன், சார்” என்றார். அதைக் கேட்டபோது நமக்கு ஏற்பட்ட நிலையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தைப் பிரிக்கச் சம்மதித்தார். ஆணிகளைப் பெயர்த்து, நோட்டைத் திருப்பினோம்.

மறுபக்கமும் ஏறத்தாழ அதே ஓவியம், அதே தொகை, மொழிதான் வேறு. ஜெர்மன் மொழியில் ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கி என்று தெளிவாக இருந்தது. வியன்னா, 1912 ஜனவரி 2 என்னும் தேதியும் இருந்தது. ஜெர்மானியர் 'யானுவார்' என்று எழுதும் மாதத்தை 'யென்னர்' என்று எழுதியிருந்தனர். அஃது ஆஸ்திரிய வழக்கு. ஜெர்மன் மொழி கண்டவுடன் ஜெர்மனி என்று முடிவு கட்டுவோர்க்கு இந்த ஒரு சொல்லே போதிய எச்சரிக்கை. இந்தத் தேதியைக் கொண்டு நோட்டு 1912இல் அச்சானது என்றும் கொள்ளல் ஆகாது. இத்தேதியிட்ட நோட்டுகளைப் போர்க்காலம் முழுவதும் அச்சிட்டுக்கொண்டே இருந்தனர். தேதி அவ்வகை நோட்டின் வெளியீட்டைக் குறிப்பது, தாளின் பிறந்த நாளையன்று.

ஆனால் நம் கண்ணைக் கவர்ந்தது வேறு. தொகையை ஜெர்மனில் பெரிதாக எழுதி, அதனோடு சிற்றெழுத்தில் எட்டு மொழிகளில் எழுதியிருந்தனர். செக், போலிஷ், ருத்தேனியம், இத்தாலியம், ஸ்லோவேனியம், குரோஷியம், செர்பியம், ருமேனியம். ஜெர்மனும் மறுபக்கத்து ஹங்கேரியமும் சேரப் பத்து மொழிகள். ருத்தேனியம் என்று அன்று வழங்கியது இன்றைய உக்ரேனியம். அதுவும் செர்பியமும் சிரில்லிக் எழுத்தில். ஏனையவை ரோமன் எழுத்தில்.

நம் சட்டைப்பையில் இருந்த இந்திய நூறு ரூபாய் நோட்டை எடுத்து அதன் அருகில் வைத்தோம். பதினைந்து மொழிகளின் பட்டியலில் தமிழ் பதின்மூன்றாவது. தமிழகத்துக்கு அப்பால் வாழும் நேயர்கள் இவ்வரியை அடிக்கடி பார்த்திருப்பார்கள். வேற்றூர்க் கடைத்தெருவில் தமிழெழுத்து கண்ணில் படும் இடம் சில நாள் அது ஒன்றுதான்.

நூறு என்னும் சொல்லுக்காக இவ்விரு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையான வேலை. வியன்னாத் தாளில் எட்டு வரிகளுள் ஆறு 'ஸ்தோ' என்று தொடங்குகின்றன. ஸ்தோ கொருன், ஸ்தோ கொரோன், ஸ்தோ க்ரூனா என்று செல்கின்றன. அவ்வாறும் ஸ்லாவிய மொழிகள். இத்தாலியம் 'சென்தோ' என்கிறது. நம் நோட்டிலோ தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கும் 'நூறு' என்னும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கின்றன. வடமொழியின் 'சதம்' ஸ்லாவியரின் 'ஸ்தோ'வுக்கு உடன்பிறப்பு. இத்தாலியரின் 'சென்தோ'வும் ஜெர்மானியரின் 'ஹுண்டர்ட்'டும் அதே குடும்பம். ஹங்கேரியம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதன் 'ஸாஸ்' பண்டைய ஈரானியக் கிளையிலிருந்து கடன் பெற்றது என்பர் மொழிநூலார். லாங் ஐலண்டில் அண்டை வீட்டு வங்காளியர் 'ஏக் ஷோ' என்று எண்ணுவதும், எங்கோ பிராகு நகரத்தில் 'ஸ்தோ' என்று எண்ணுவதும் ஒரே சொல்லின் இரு முகங்கள்.

மொழிகளின் இருப்பைக் கவனித்த நாம், இன்மையையும் கவனித்தோம். ஹங்கேரியப் பக்கத்தில் ஹங்கேரியம் தவிர வேறு மொழி இல்லை. 1867இல் பேரரசு இரு பாதிகளாகப் பிரிந்து, ஒரே மன்னரின் கீழ் இரு அரசுகளாயிற்று. ஆஸ்திரியப் பாதி தன் மக்களின் மொழிகளுக்கு இடம் கொடுத்தது. ஹங்கேரியப் பாதியிலும் ஸ்லோவாக்கியரும் ருமேனியரும் செர்பியரும் இலட்சக் கணக்கில் வாழ்ந்தனர். அவர்களுக்கு அப்பக்கத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஸ்லோவாக்கிய மொழி தாளின் இரு பக்கங்களிலும் இல்லை. பாராளுமன்ற விவாதங்களைப் படித்து அறிய வேண்டிய செய்தியை ஒரு நோட்டைத் திருப்பிப் பார்த்தே அறியலாம் போலும்.

இளையவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்படியானால் விலை, சார்?” என்றார்.

உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆஸ்திரியா என்று அறிந்ததும் மனம் வேறொரு வழியில் ஓடியது. இத்தீவுகளுக்கும் ஆஸ்திரியாவுக்கும் பழைய உறவு உண்டு. 1778இல் 'யோசேப்பும் தெரேசியாவும்' என்னும் ஆஸ்திரியக் கப்பல் நிக்கோபார் வந்தது. அதனை அனுப்பிய முயற்சியின் தலைவர், முன்பு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய வில்லியம் போல்ட்ஸ். நான்கவுரி, கமோர்ட்டா, டிரிங்கட், கச்சால் ஆகிய நான்கு தீவுகளும் பேரரசி மரியா தெரேசியாவின் பெயரால் ஆஸ்திரியாவின் உடைமையாயின. காட்ஃபிரீட் ஸ்டால் என்பவரைச் சிலருடன் அங்கு விட்டுச் சென்றனர். அவர் 1783இல் இறந்தார். சிறிது காலத்தில் குடியேற்றமும் மறைந்தது. 1756 முதலே நிக்கோபார் தமதென்று கூறிவந்தவர்கள், நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனியர். அவர்களும் காய்ச்சலால் மடிந்து மடிந்து, தரங்கம்பாடியை 1845இலும் நிக்கோபாரை 1868இலும் பிரிட்டிஷாருக்குக் கொடுத்துவிட்டு அகன்றனர். இடையில் 1858இல் ஆஸ்திரியாவின் நொவாரா என்னும் போர்க்கப்பல், உலகைச் சுற்றி வந்த ஆராய்ச்சிப் பயணத்தில், சென்னையில் தங்கிவிட்டு நிக்கோபாரையும் பார்த்துச் சென்றது. அந்நால்வருள் ஒன்றான கச்சாலில்தான், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலரை 1970களில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினர். 2004 ஆழிப்பேரலையில் அத்தீவு பட்ட பாடு நேயர்கள் அறிந்ததே.

இந்த நோட்டை அந்த வரலாற்றோடு எப்படியேனும் முடிச்சிட்டு, அரும்பொருள் என்று விலை கூட்ட முடியுமா என்று நாம் சிறிது நேரம் எண்ணினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. முடியாது. ஸ்டால் இறந்ததற்கும் இத்தேதிக்கும் இடையே நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள். நொவாரா வந்தபோது மகுட நாணயமே பிறக்கவில்லை.

வழக்கை முடித்து வைத்தது ஒரு சிவப்பு முத்திரை. ஜெர்மன் பக்கத்தின் மேல் குத்துவாட்டமாக 'டாய்ச்-ஓஸ்டர்ரைக்' என்று சிவப்பு மையில் அச்சிட்டிருந்தது. ஜெர்மானிய ஆஸ்திரியா என்று பொருள். இந்த முத்திரையின் கதை, நோட்டின் கதையைவிடப் பெரிது.

1914 முதல் 1918 வரை போருக்காகப் பேரரசு நோட்டுகளை அச்சிட்டுக்கொண்டே போயிற்று. புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் தொகை பத்து மடங்குக்கு மேல் பெருகியது. 1918 இறுதியில் பேரரசு உடைந்தது. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, ருமேனியா, பின்னாளில் யூகோஸ்லாவியா எனப் பெயர் பெற்ற அரசு, இத்தாலி என்று ஏழு நாடுகள் அதன் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நிலத்துக்கு எல்லை போடலாம். எல்லோர் மடியிலும் இருக்கும் ஒரே நோட்டுக்கு எப்படி எல்லை போடுவது?

விடை, முத்திரை. 1919 தொடக்கத்தில் முதலில் தெற்கு ஸ்லாவியர், தம் நிலத்தில் இருந்த நோட்டுகளில் முத்திரை குத்தினர். பின்பு செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலாய்ஸ் ராஷீன், பிப்ரவரி இறுதியில் எல்லைகளை மூடிவிட்டு, நோட்டுகளின் மேல் அஞ்சல்தலை போன்ற வில்லைகளை ஒட்டச் செய்தார். கொண்டுவந்தவர்களிடம் பாதிப் பணத்தைக் கட்டாயக் கடனாக நிறுத்திக்கொண்டனர். ஆஸ்திரியா சிவப்பு முத்திரை பொறித்தது. முத்திரையில்லா நோட்டைத் தன் எல்லைக்குள் செல்லாதெனச் சொல்வது ஒவ்வோர் அரசுக்கும் கட்டாயமாயிற்று. இல்லையெனில், விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்கு நோட்டுகள் இரவோடிரவாக ஓடிவிடும். ஓடவும் ஓடின. போலி முத்திரைகளும் பெருகின. பின்பு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விகிதத்தில் மாற்றிக் கொடுத்தது. யூகோஸ்லாவியாவில் நான்கு மகுடத்துக்கு ஒரு தினார். ருமேனியாவில் இரண்டுக்கு ஒரு லெய். போலந்தில் நூறு மகுடத்துக்கு எழுபது மார்க். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்து, ஒரே பேரரசின் ஊதியத்தை வாங்கிய இருவர், எல்லைக்கோடு எப்பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் பிழைத்தார், மற்றவர் தாழ்ந்தார். அந்த 'ஜெர்மானிய ஆஸ்திரியா' என்னும் பெயரும் நிலைக்கவில்லை. 1919 செப்டம்பரில் செய்த சான் ஜெர்மான் உடன்படிக்கை அப்பெயரை விலக்கியது; அக்டோபரில் அந்நாடு ஆஸ்திரியக் குடியரசு ஆயிற்று.

ஆகவே இந்தத் தாள் 1919க்கு முன்பு வியன்னாவை விட்டு வந்திருக்க இயலாது. போருக்கு முன்பே கப்பல்காரர் கொடுத்தார் என்னும் குடும்பக் கதையை அந்தச் சிவப்பு மை தள்ளிவிடுகிறது. கப்பல்காரர் கொடுத்திருக்கலாம். கொடுத்தபோதே அதற்குப் பழைய மதிப்பு இல்லை. 1922இல் ஆஸ்திரிய மகுடம் பாதாளத்தில் கிடந்தது. சர்வதேச சங்கத்தின் துணையுடன் கடன் பெற்றுத்தான் அந்நாடு மூச்சு விட்டது. 1925இல் ஷில்லிங் என்னும் புதிய நாணயம் வந்தபோது, பதினாயிரம் மகுடத்துக்கு ஒரு ஷில்லிங் என்று விதித்தனர். ஒரு ஷில்லிங்குக்கு நூறு குரோஷன். எனில் நூறு மகுடத்துக்கு ஒரு குரோஷன். நம் ஒரு காசு போன்ற சின்னஞ்சிறு செப்புத் துண்டு. சட்டத்தில் நான்கு பவுனாக இருந்தது, பதின்மூன்று ஆண்டுகளில் இந்நிலையை அடைந்தது. அந்த மாற்றுக்கும் காலம் என்றோ கடந்துவிட்டது.

நோட்டின் இரு பக்கங்களிலும், கேட்டவுடன் வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் சட்டபூர்வமான உலோக நாணயம் கொடுப்பதாக வங்கி உறுதி கூறுகிறது. முதல் முறை அவ்வரியையும் நாம் கடிதத்தில் பெயர்த்து எழுதியிருந்தோம். பெயர்ப்பு சரியே. உறுதி கூறிய வங்கி போருக்குப் பின் கலைக்கப்பட்டது என்பதை எழுதவில்லை.

சேகரிப்பாளரிடம் விற்றால் என்ன வரும் என்று இளையவர் கேட்டார். இதே வகை நோட்டுகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சாகி, மிகப் பலவாக எஞ்சி, உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. மகளின் படிப்புக்கு என்றால், ஒரு பாடநூலின் விலையை எதிர்பார்க்கலாம்; அதற்கு மேல் இல்லை. இதனைச் சுற்றி வளைக்காமல் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம ஊரில் ஆயிரம் ரூபாய் நோட்டு போனதே, அதுபோலவா, சார்?” என்றார். 2016 நவம்பரில் வங்கி வரிசையில் நின்றவர்க்குப் பொருளியல் கற்பிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ அதுபோலத்தான் என்றோம். வேறுபாடும் சொன்னோம்: நம் நோட்டை மாற்றிக்கொள்ள நாள் குறித்தார்கள், இந்தத் தாளுக்குரிய நாள் கடந்தபோது இது இரங்கூனில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. நாள் குறித்த செய்தி அங்கு யாருக்கும் வந்திராது.

“அண்ணனுக்கு இது தெரிந்திருக்குமா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. நமக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் நம்முடைய கடிதத்தைத்தான் படித்திருப்பார் என்று சொன்னோம். சொன்னபோது, குற்றத்தை ஏற்கிறோமா, அண்ணனைக் காக்கிறோமா என்பது நமக்கே விளங்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டபடி, அங்கேயே அமர்ந்து புதிய கடிதம் எழுதினோம். நோட்டின் பெயர், வங்கி, தேதி, முத்திரை, 1892இன் தங்கக் கணக்கு, 1925இன் மாற்று விகிதம் அனைத்தையும் எழுதி, முன்பு எழுதிய கடிதத்தில் 'சமம் ஆகும்' என்றிருப்பதை '1914 வரை சமமாக இருந்தது' என்று திருத்திப் படிக்க வேண்டும் என்றும், இன்று அதற்குப் பணமதிப்பு இல்லை என்றும் எழுதிக் கையொப்பம் இட்டோம். இரண்டு படிகள் எடுத்தோம். ஒன்று தம்பிக்கு, மற்றொன்று அண்ணனுக்கு. எட்டு மொழி வரிகளையும் தமிழில் எழுதித் தரும்படி இளையவர் கேட்டார். மகள் பார்க்கட்டும் என்றார். எழுதிக் கொடுத்தோம். நோட்டை மீண்டும் சட்டத்தில் வைத்தபோது, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி வைத்தார்.

அண்ணனின் வீடு துறைக்குப் போகும் வழியில். அவர் படகோடு கடலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியார் வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். கடிதத்தை அவரிடம் கொடுத்தோம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியவர், மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதிலும் நான்கு பவுன் என்றுதான் போட்டிருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை என்றோம்.

“அவர் வந்ததும் கொடுக்கிறேன்” என்று சொல்லிக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எரட்டாவுக்குப் போகும் படகு ஊதிவிட்டது.